எழுதும் காது: மருத்துவக் குறிப்பும் பேச்சறி மென்பொருளும்

மருத்துவமனையில் நடக்கும் எந்தச் செயலும் எழுத்தில் ஏறும்வரை முழுமை பெறுவதில்லை. நோயாளி சொன்ன அறிகுறி, மருத்துவர் தொட்டும் தட்டியும் கண்டறிந்தது, ஸ்கேன் படத்தில் தெரிந்த நிழல், அறுவை அரங்கில் வெட்டியதும் தைத்ததும், வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக்கொடுத்த மாத்திரைகள் ஆகிய அனைத்தும் கேஸ் ஷீட்டிலோ டிஸ்சார்ஜ் சம்மரியிலோ பதிந்தால்தான் அடுத்த ஷிப்டுக்கு வரும் மருத்துவர் அவற்றைப் பயன்படுத்த முடியும், காப்பீட்டு நிறுவனம் பணம் தரும், வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் சான்றாக ஏற்கும். இந்த எழுத்து வேலை சிறியதன்று. அமெரிக்காவில் 57 மருத்துவர்களை நேரில் கவனித்துச் செய்யப்பட்டு 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியுடன் செலவாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிப் பதிவேட்டிலும் மேசை வேலையிலும் கழிகிறது என்று கணக்கிட்டது. சாதாரணமாகப் பேசும் ஒருவர் நிமிடத்துக்கு 150 சொற்களை எளிதாகச் சொல்லிவிடுவார். தட்டச்சில் 40 சொற்களை எட்டுவதற்கே பலருக்குப் பயிற்சி வேண்டும். விரலைவிட நாக்கு விரைவானது என்ற இந்த எளிய கணக்குதான் மருத்துவத் துறையைப் பேச்சுப்பதிவை நோக்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தள்ளிவந்திருக்கிறது.

தாமஸ் எடிசன் 1877-ல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்து, அதன் பயன்களை 1878-ல் ஒரு கட்டுரையில் வரிசைப்படுத்தியபோது, சுருக்கெழுத்தாளர் இல்லாமலே கடிதங்களைச் சொல்லி எழுதவைப்பதைத்தான் முதலில் வைத்தார். பிற்காலத்தில் உலகம் முழுவதும் அந்தக் கருவியைக் கொண்டாடக் காரணமான இசை, அந்தப் பட்டியலில் பின்னால்தான் வந்தது. கொலம்பியா நிறுவனம் 1907-ல் ‘டிக்டஃபோன்’ என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தபின், மருத்துவர் குழாயிலோ ஒலிவாங்கியிலோ பேசுவதும், பேசியதை வேறொருவர் பிறகு கேட்டுத் தட்டச்சு செய்வதும் அமெரிக்க மருத்துவமனைகளில் மெல்ல வழக்கமாயின. ஒலியைத் தாங்கிய மெழுகு உருளையின் இடத்துக்குக் காந்த நாடாவும், நாடாவின் இடத்துக்குக் கணினிக் கோப்பும் வந்தன. ஆனால் ஏற்பாடு மாறவில்லை. ஒரு வாய் பேசியது, ஒரு காது கேட்டது, இரண்டு கைகள் எழுதின.

அந்தக் காதும் கைகளும் 1990களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு இடம்பெயர்ந்ததில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் நேரடிப் பங்கு உண்டு. அமெரிக்க மருத்துவர் மாலையில் பேசி முடித்த ஒலிக்கோப்பு இங்கே காலையில் வந்து சேர்ந்துவிடும். அங்கே மறுநாள் விடிவதற்குள் தட்டச்சான குறிப்பு திரும்பிவிடும். ‘மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்’ என்ற பெயர் தமிழ்நாட்டு நகரங்களின் பயிற்சி மையப் பலகைகளில் இடம்பிடித்த காலம் அது. காதில் ஹெட்செட், காலடியில் ஒலியை ஓடவும் நிற்கவும் பின்னோக்கிச் செல்லவும் வைக்கும் ஃபுட் பெடல், பக்கத்தில் மருந்துப் பெயர் அகராதி என அமர்ந்திருந்த பட்டதாரிகள், தாம் நேரில் காணாத மருத்துவரின் உச்சரிப்பையும், அவர் பேசிக்கொண்டே எதையோ மெல்லும் ஓசையையும் பழகிக்கொண்டார்கள். கூலி வரிக் கணக்கில் கிடைத்தது. இடைவெளிகளையும் சேர்த்து 65 எழுத்துகள் கொண்டது ஒரு வரி. புரியாத சொல் வந்தால் ஊகித்து எழுதக்கூடாது, அந்த இடத்தை வெறுமையாக விட்டு ‘பிளாங்க்’ என்று குறிக்க வேண்டும் என்பது அத்தொழிலின் முதல் பாடம். தட்டச்சானதை ஒரு திருத்துநர் மறுபடியும் ஒலியோடு வைத்துக் கேட்பார்; கடினமான கோப்பு அதற்கும் மேல் ஒரு தரச்சோதனையாளரிடம் போகும். தெரியாததைத் தெரியாது என்று வெறுமையாக விடும் இந்த வழக்கத்தை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது எத்தனை கடினம் என்பது பின்னால் விளங்கும்.

இயந்திரம் பேச்சை எழுத்தாக்கும் முறையைப் புரிந்துகொள்ள, அது சொற்களைக் கேட்பதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒலிவாங்கியில் விழும் காற்றழுத்த ஏற்ற இறக்கம் பொதுவாக நொடிக்கு 16,000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. அந்த எண்களின் நீண்ட வரிசையை மென்பொருள் 25 மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாக, 10 மில்லிநொடிக்கு ஒன்று வீதம், ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்துக்கொள்கிறது. எனவே ஒரு நொடிப் பேச்சிலிருந்து நூறு துண்டுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடும்போது, மனிதக் காதைப் போலவே தாழ்ந்த அதிர்வெண்களை நுணுக்கமாகவும் உயர்ந்தவற்றைத் தாராளமாகவும் பிரிக்கும் ஓர் அளவுகோல் பயன்படுகிறது. இதன் விளைவாகப் பேச்சு ஓர் எண் அட்டவணையாகிவிடுகிறது. அதில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்காது, ஏனெனில் மனிதர் இயல்பாகப் பேசும்போது பெரும்பாலும் சொற்களுக்கிடையே நிறுத்துவதில்லை.

இந்த அட்டவணையிலிருந்து சொற்களை மீட்க, நீண்ட காலம் மூன்று தனித்தனி உறுப்புகள் கூட்டாக வேலை செய்தன. முதலாவது ஒலி மாதிரி. ஒரு துண்டில் காணப்படும் ஆற்றல் வடிவம் ஆங்கிலத்தின் ஏறத்தாழ நாற்பது ஒலியன்களில் எதனுடையதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று அது சொல்லும். ஒலியன் என்பது பொருளை வேறுபடுத்தும் மிகச் சிறிய ஒலி அலகு. இரண்டாவது உச்சரிப்பு அகராதி. எந்தச் சொல் எந்த ஒலியன்களின் வரிசை என்ற பட்டியல் அது. மூன்றாவது மொழி மாதிரி. இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வர எவ்வளவு வாய்ப்பு என்பதை, ஏற்கெனவே எழுதப்பட்ட ஏராளமான குறிப்புகளைப் படித்து அது கணித்து வைத்திருக்கும். கடைசி உறுப்பின் தேவையை ஒரே எடுத்துக்காட்டில் காட்டிவிடலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேற்பகுதிக்கும் மருத்துவ ஆங்கிலத்தில் உள்ள பெயர்கள் ஓர் எழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. சொல்லும்போது இரண்டும் ‘இலியம்’தான். எத்தனை கூர்மையான ஒலிவாங்கி வைத்தாலும் ஒலியில் இல்லாத வேறுபாட்டை ஒலியிலிருந்து எடுக்க முடியாது. முன்னே ‘எலும்பு முறிவு’ என்று வந்திருந்தால் இடுப்பெலும்பு, ‘அடைப்பு’ என்று வந்திருந்தால் குடல் என்று மொழி மாதிரி தீர்ப்பளிக்கிறது. ஆகவே பேச்சறிதல் என்பது பாதி கேட்பது, பாதி எதிர்பார்ப்பது.

எதிர்பார்ப்பையும் கேட்பையும் நிகழ்தகவுக் கணிதத்தில் ஒன்றாகப் பிணைத்த வழியை 1970களில் இரு முனைகளில் வகுத்தார்கள்: ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஃபிரெட் ஜெலினெக்கின் குழுவும், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேக்கரும். அதற்கு முன்பு, 1952-ல் பெல் ஆய்வகம் செய்த ‘ஆட்ரி’ பத்து எண்களின் பெயர்களை மட்டும் அறிந்தது, 1962-ல் ஐ.பி.எம். காட்சிக்கு வைத்த ‘ஷூபாக்ஸ்’ பதினாறு சொற்களை அறிந்தது. இலக்கண விதிகளை எழுதி எழுதி இயந்திரத்துக்குப் புகட்டுவதைக் கைவிட்டு, புள்ளிவிவரம் சொல்வதை நம்பலாம் என்ற ஜெலினெக்கின் நிலைப்பாடு மொழியியலாளர்களுக்கு உவப்பாக இருந்ததில்லை. ஆனால் அதே நிலைப்பாடுதான் 1980களின் நடுவில் 20,000 சொற்களைக் கையாளும் ‘டாங்கோரா’ வரை அவரது குழுவைக் கொண்டுசேர்த்தது.

ஜெலினெக்கும் அவருடைய கூட்டாளிகளும் 1977-ல் அறிமுகப்படுத்திய ஓர் அளவு, மருத்துவத்தில் இந்தத் தொழில்நுட்பம் ஏன் முதலில் எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தது என்பதை விளக்குகிறது. அதைத் தமிழில் தடுமாற்ற அளவு எனலாம்: ஒரு சொல் முடிந்தபின் அடுத்து வரக்கூடியது எது என்று மொழி மாதிரி சராசரியாக எத்தனை சமவாய்ப்புள்ள சொற்களுக்கிடையே தடுமாறுகிறது என்பதே அது. 1990களின் நடுவில் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி பொது ஆங்கிலத்தின் தடுமாற்ற அளவு 247, இதழியலுக்கு 105, அவசரச் சிகிச்சைக் குறிப்புகளுக்கு 60, கதிரியல் அறிக்கைகளுக்கு 20 மட்டுமே. நெஞ்சு எக்ஸ்ரே பற்றிய அறிக்கைகள் ஒன்றையொன்று அச்செடுத்தாற்போல் இருப்பதை எந்த மருத்துவமனையின் கோப்பைப் புரட்டினாலும் காணலாம். இதயத்தின் அளவு இயல்பு, நுரையீரல் தெளிவு, நீர்க்கோவை இல்லை என்று அவை ஒரே தடத்தில் ஓடும். அதோடு கதிரியலாளர் அமைதியான இருண்ட அறையில் தனியாக அமர்ந்து பேசுகிறார். அவருடைய கண்கள் படத்தை விட்டு அகல முடியாது. கை சுட்டியில் இருக்கிறது. ஒரே குரல், குறைந்த இரைச்சல், குறுகிய சொல்வளம், ஓய்ந்திருக்கும் வாய் என இயந்திரத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே கூடியிருந்தன. சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் தொடர்ந்து பேசுவதை ஏற்கும் மென்பொருளை ஐ.பி.எம். 1996-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ‘மெட்ஸ்பீக்’ என்ற பெயரில் அதைக் கதிரியலாளர்களுக்கென்றே செய்திருந்தது.

ஜேம்ஸ் பேக்கரும் அவருடைய மனைவி ஜேனட் பேக்கரும் 1982-ல் தொடங்கிய டிராகன் நிறுவனம், 1990-ல் 9,000 டாலர் விலையில் விற்ற ‘டிராகன் டிக்டேட்’ மென்பொருளில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் சற்று நிறுத்த வேண்டியிருந்தது. 1997-ல் வந்த ‘நேச்சுரலி ஸ்பீக்கிங்’ அந்தத் தளையை நீக்கியது. பிறகு நடந்தது வணிக வரலாறு. டிராகனைப் பங்குகளுக்கு ஈடாக 2000-ல் வாங்கிய பெல்ஜிய நிறுவனம் கணக்கு மோசடியில் சிக்கி அடுத்த ஆண்டே திவாலானதால் அந்தப் பங்குகள் காகிதமாகிப் போயின. மென்பொருள் கைமாறி நுவான்ஸ் நிறுவனத்திடம் சேர்ந்தது. நுவான்ஸை மைக்ரோசாஃப்ட் 1,970 கோடி டாலருக்கு வாங்குவதாக 2021-ல் அறிவித்து மறு ஆண்டு அதை முடித்தது. இவ்வளவு பெரிய விலையின் பின்னணியில் மருத்துவமனைகளே முக்கிய வாடிக்கையாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மென்பொருள் வந்தபின் இரண்டு வகையான ஏற்பாடுகள் உருவாயின. முதல் வகையில் மருத்துவர் எப்போதும்போல் பேசிவிட்டுப் போய்விடுவார். இயந்திரம் முதல் வரைவைத் தரும். அதை ஒலியோடு ஒப்பிட்டு மனிதர் ஒருவர் திருத்துவார். தட்டச்சாளராக இருந்தவர் இதில் திருத்துநரானார். வரிக்கான கூலியும் குறைந்தது. இரண்டாம் வகையில் மருத்துவர் பேசப்பேசவே திரையில் எழுத்து விழும். ‘பீரியட்’, ‘காமா’, ‘நியூ பாரகிராஃப்’ என்று நிறுத்தக்குறிகளையும் அவரே வாயால் சொல்வார். தவறிருந்தால் அவரே திருத்திக் கையெழுத்திடுவார். அடிக்கடி வரும் பத்திகளுக்கு ஒரு பெயர் சூட்டி வைத்துக்கொண்டால், அந்தப் பெயரைச் சொன்னவுடன் இயல்பான நெஞ்சு எக்ஸ்ரேயின் அறிக்கை முழுவதும் திரையில் வந்து நிற்கும். மருத்துவமனை நிர்வாகங்கள் இரண்டாம் வகையை விரும்பியதற்குக் காரணம் வெளிப்படை: அறிக்கை சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது, தட்டச்சுக்கான செலவும் மிஞ்சுகிறது. அந்தச் செலவுக்கு இதுவரை கிடைத்துவந்தது தட்டச்சு மட்டுமன்று, இன்னொருவரின் காது என்பது கணக்கில் ஏறவில்லை.

அந்தக் காதின் மதிப்பை எண்ணில் காட்டிய ஆய்வு ஒன்று 2018-ல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வெளியானது. அமெரிக்காவின் இரு மருத்துவமனைக் குழுமங்களைச் சேர்ந்த 144 மருத்துவர்கள் பேசிய 217 குறிப்புகளை ஆய்வாளர்கள் மூன்று நிலைகளில் எடுத்துப் பார்த்தார்கள். இயந்திரம் தந்த வரைவில் நூறு சொற்களுக்கு 7.4 பிழைகள் இருந்தன. தொழில்முறைத் திருத்துநர் கைபட்டபின் அது 0.4 ஆகக் குறைந்தது. மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட இறுதி வடிவில் 0.3 ஆக நின்றது. பிழையை ஏறத்தாழ முழுவதும் களைந்தவர் நடுவில் இருந்தவர்தான். மருத்துவரின் பார்வை அதற்குமேல் நீக்கியது மிகக் கொஞ்சம். இதில் மருத்துவரைக் குறை சொல்வதற்கில்லை. தான் சொன்னது இன்னதென்று அறிந்தவரின் கண், எழுதியிருப்பதைப் படிக்காமல் எழுத நினைத்ததையே படித்துவிடுகிறது. தன் கட்டுரைக்குத் தானே மெய்ப்புத் திருத்தும் எழுத்தாளர்கள் இந்தக் குருட்டுத்தனத்தை நன்கு அறிவார்கள்.

இத்தகைய ஆய்வுகளில் பயன்படும் அளவுக்குச் சொற்பிழை விகிதம் என்று பெயர். தவறாக மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், புதிதாக நுழைந்த சொற்கள் ஆகிய மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசப்பட்ட சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். இந்தக் கணக்கில் எல்லாச் சொற்களுக்கும் ஒரே எடை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் ‘தி’ விடுபட்டாலும் ஒரு பிழை; ‘கட்டி இல்லை’ என்பதில் ‘இல்லை’ விடுபட்டாலும் ஒரு பிழை. முதலாவதை யாரும் கவனிக்கப்போவதில்லை. இரண்டாவது ஒருவரை அறுவை மேசை வரை கொண்டுபோகலாம். ஆங்கிலத்தில் ‘நோ’ என்பது அழுத்தமின்றி விரைவாகச் சொல்லப்படும் ஓரசைச் சொல். மூச்சு இழுக்கும் ஓசையிலோ நாற்காலி நகரும் ஓசையிலோ எளிதில் மறைந்துவிடும். மேலே சொன்ன ஆய்விலும் சொற்கள் விடுபடுவதே அதிகம் நேர்ந்த பிழை வகையாக இருந்தது.

மருத்துவச் சொற்களின் அமைப்பே இயந்திரத்துக்கு எதிராகச் சதி செய்வது போல் இருக்கிறது. குறைவைச் சொல்லும் ‘ஹைப்போ’வும் மிகுதியைச் சொல்லும் ‘ஹைப்பர்’உம் பொருளில் இரு துருவங்கள், அமெரிக்க உச்சரிப்பிலோ கடைசி அசையில் மட்டும் விலகுபவை. விழுங்கச் சிரமப்படுவது டிஸ்ஃபேஜியா, பேச்சு தடைப்படுவது டிஸ்ஃபேசியா. பக்கவாத நோயாளிக்கு இரண்டுமே இருக்கக்கூடும் என்பதால் சூழலும் துணைக்கு வராது. கையை உடலிலிருந்து விலக்குவது அப்டக்ஷன், உடலை நோக்கிக் கொண்டுவருவது அடக்ஷன்; அனுபவமுள்ள எலும்பு மருத்துவர்கள் ஒலிவாங்கியில் பேசும்போது ‘ஏ, பி, டக்ஷன்’ என்றும் ‘ஏ, டி, டக்ஷன்’ என்றும் எழுத்தைப் பிரித்தே சொல்வது இதனால்தான். ‘ஃபிஃப்டீன்’ என்பதற்கும் ‘ஃபிஃப்டி’ என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லின ஒலி. மருந்தின் அளவிலோ மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. மருந்துப் பெயர்களின் குழப்பம் கணினிக்கு முந்தியது: இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசினும் அரிப்புக்கான ஹைட்ராக்சிசினும் மனிதக் காதுகளையே ஏமாற்றியவை. ‘லோசெக்’ என்ற வயிற்றுப்புண் மருந்தை ‘லாசிக்ஸ்’ என்ற சிறுநீர்ப்பெருக்கியாகப் படித்துவிட்டதால், அமெரிக்காவில் அதன் பெயர் 1990-ல் ‘பிரைலோசெக்’ என்று மாற்றப்பட்டது.

பிழை இயந்திரத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணவும் இடமில்லை. அலபாமா மாநிலத்தில் ஒரு நோயாளிக்கு 8 யூனிட் இன்சுலின் என்று மருத்துவர் சொன்னது, இந்தியாவில் தட்டச்சானபோது 80 யூனிட் ஆனது. மருத்துவரின் பார்வைக்குப் போகாமலே அது மருந்துப் பட்டியலில் ஏறி, ஊசியாகவும் போடப்பட்டு, நோயாளி இறந்தார். அது தொடர்பான வழக்கில் 2012-ல் நடுவர் குழு விதித்த இழப்பீடு 14 கோடி டாலர். இங்கே கேட்டது மனிதக் காது. தவறியது அதற்குப் பின் இருந்திருக்க வேண்டிய இரண்டாவது பார்வை. ஆகவே மனிதரா இயந்திரமா என்ற கேள்வியைவிட, ஒலியோடு எழுத்தை ஒப்பிட ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்வியே நோயாளியின் உயிரோடு நெருங்கியது. அமெரிக்க மருத்துவக் குறிப்புகள் பலவற்றின் அடியில், இது பேச்சறி மென்பொருளால் எழுதப்பட்டது, பிழைகள் இருக்கலாம் என்ற வரி தானாகவே ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த வரி வழக்கறிஞருக்காக எழுதப்பட்டதே தவிர, படிக்கும் அடுத்த மருத்துவருக்கு எந்தச் சொல்லை ஐயுற வேண்டும் என்று அது காட்டுவதில்லை.

மென்பொருள் நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. பெண் நோயாளியின் அறிக்கையில் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பியின் பெயர் வந்தால் எச்சரிப்பது, அறிக்கையின் மேற்பகுதியில் வலது முழங்கால் என்றும் முடிவுரையில் இடது முழங்கால் என்றும் இருந்தால் நிறமிட்டுக் காட்டுவது போன்ற சோதனைகள் இன்றைய கதிரியல் மென்பொருள்களில் உள்ளன. உள்முரண் உள்ள பிழையைத்தான் இவை பிடிக்கும். எங்கும் முரண்படாமல் வழுவழுப்பாக அமர்ந்துவிட்ட பிழைக்கு இவற்றிடம் மருந்தில்லை. மொழி மாதிரி வலுவடைய வலுவடைய, பிழைகள் எண்ணிக்கையில் குறைந்தாலும், எஞ்சியவை துருத்தித் தெரியாமல் வாக்கியத்தோடு ஒட்டிப்போகின்றன என்பது இத்துறையின் சங்கடமான உண்மை.

அந்தச் சங்கடம் முற்றிய வடிவத்தில் வெளிப்பட்டது 2020க்குப் பிறகுதான். நரம்பணு வலைகள் எனப்படும் பல அடுக்குக் கணிப்பு முறைகள் முன்பிருந்த மூன்று உறுப்புகளையும் ஒன்றாக விழுங்கி, ஒலியை உள்ளே வாங்கி எழுத்தை நேரே வெளியே தரத் தொடங்கியிருந்தன. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ‘விஸ்பர்’ 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு பயிற்றப்பட்டது. இவ்வகை அமைப்பின் எழுதும் பகுதி, தனக்கு முன் எழுதியதைப் பார்த்து அடுத்ததைத் தொடுக்கும் மொழி மாதிரியே ஆகும். ஒலியில் சான்று குறையும்போது அது நின்றுவிடாமல் இயல்பாகத் தோன்றும் வாக்கியத்தைத் தானே தொடுத்துவிடக்கூடும். பேச்சு குன்றியவர்களும் குன்றாதவர்களும் பேசிய ஒலிப்பதிவுகளை விஸ்பரிடம் கொடுத்துப் பார்த்து 2024-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நூற்றில் ஒரு பதிவில் யாரும் பேசாத தொடர்கள் இருந்தன. இல்லாத மருந்து, நடக்காத வன்முறை என்று தீங்கு விளைவிக்கக்கூடியவை அவற்றில் 38 விழுக்காடு. பேசுபவர் நீண்ட நேரம் நிறுத்தும் இடங்களில் இது கூடுதலாக நேர்ந்தது. சென்னைத் தட்டச்சாளர் ‘பிளாங்க்’ என்று விட்டிருக்கக்கூடிய இடம் அது. உயர் ஆபத்துள்ள முடிவுகளுக்கு விஸ்பரைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை உருவாக்கிய நிறுவனமே எச்சரித்திருக்கிறது. ஆயினும் அதன்மேல் கட்டிய மருத்துவக் குறிப்புக் கருவிகள் சந்தையில் உள்ளன.

இந்தப் புதிய கருவிகளில் மருத்துவர் சொல்லி எழுதவைப்பதே இல்லை. நோயாளியும் மருத்துவரும் பேசிக்கொள்வதை மேசைமேல் உள்ள கைபேசி கேட்டுக்கொண்டிருக்கும். உரையாடல் முடிந்ததும் நோயாளி கூறியது, பரிசோதனையில் கண்டது, மதிப்பீடு, அடுத்த நடவடிக்கை என்று வகுத்த குறிப்பு ஒன்று திரையில் நிற்கும். மருத்துவர் கணினியைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்பது இதன் உண்மையான, மறுக்க முடியாத நன்மை. ஆனால் சொன்னது சொன்னபடி எழுதும் காலத்தில், எழுத்தை எதனோடு ஒப்பிடுவது என்பதில் ஐயமில்லை. சுருக்கி எழுதும் கருவியில் எதை விட்டது, எதைச் சேர்த்தது என்று பார்க்க முழு உரையாடலையும் மறுபடி கேட்டாக வேண்டும். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க ஒலிப்பதிவு உடனே அழிக்கப்படும் இடங்களில் அதற்கும் வழியில்லை. அந்தரங்கத்துக்கான பாதுகாப்பும் பிழைக்கான பாதுகாப்பும் இங்கே ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. சில வாரங்கள் மட்டும் பதிவை வைத்திருந்து பிறகு அழிப்பது ஓரளவு நியாயமான நடுவழியாகத் தோன்றுகிறது.

யாருடைய குரல் என்பதைப் பொறுத்தும் இயந்திரத்தின் காது மாறுகிறது. அமெரிக்காவின் ஐந்து பெரும் நிறுவனங்களுடைய பேச்சறி அமைப்புகளைச் சோதித்து 2020-ல் வெளியான ஆய்வில் வெள்ளையர் பேச்சுக்குச் சொற்பிழை விகிதம் நூற்றுக்கு 19 ஆகவும், கறுப்பின மக்களின் பேச்சுக்கு 35 ஆகவும் இருந்தது. பயிற்சிக்குக் கொடுத்த ஒலியில் யார் அதிகம் பேசினார்களோ அவர்களையே இயந்திரம் நன்றாகக் கேட்கிறது.

தமிழ்நாட்டு ஓ.பி. அறைக்கு இக்கருவிகள் வரும்போது இந்தச் சிக்கல்கள் அனைத்தும் வேறு உருவில் நிற்கும். ‘நேத்து ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னாங்க, ஆனா பிரஷருக்குப் போடுற டேப்லெட்டை நிறுத்தினதும் சுகரும் ஏறிடுச்சுங்க’ என்ற வாக்கியத்தில் ஆங்கில வேரும் தமிழ் வேற்றுமை உருபும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இரு மொழிகளையும் தனித்தனியாகக் கற்ற இயந்திரம் இந்த ஒட்டிடத்தில்தான் தடுக்குகிறது. எழுத்துத் தமிழில் பயின்ற மொழி மாதிரிக்கு ‘வலிக்கிறது’ தெரியும். அறையில் ஒலிப்பதோ ‘வலிக்குதுங்க’, ‘வலிச்சுக்கிட்டே இருக்கு’, ‘வலிக்கிறாப்ல இருக்கு’ என்று வட்டாரத்துக்கு வட்டாரம் விரியும். இவற்றையெல்லாம்விட நுட்பமானது எதிர்மறை. ஆங்கிலத்தில் தனிச்சொல்லாகவாவது நிற்கும் ‘நோ’, பேச்சுத் தமிழில் வினைக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. ‘வலிக்குதுங்க’ என்பதற்கும் ‘வலிக்கலீங்க’ என்பதற்கும் வேறுபாடு சொல்லின் நடுவே உள்ள ஓர் அசை. தலைக்குமேல் மின்விசிறி சுற்ற, கதவுக்கு வெளியே டோக்கன் எண் கூவ, அந்த ஓர் அசையை இயந்திரம் பிடித்தாக வேண்டும். பிடிக்கத் தவறினால் சொற்பிழை விகிதத்தில் ஏறுவது ஒரே ஒரு பிழை.

சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் குழு, அரசமைப்பின் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மக்களின் இயல்பான பேச்சைத் திரட்டிப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டிருப்பது, ஏட்டுத் தமிழோடு நின்றுவிடாத காதை உருவாக்க வேண்டிய அடித்தளப் பணி. மருத்துவ உரையாடலுக்கு அது மட்டும் போதாது. நோயாளிகளின் இசைவோடும் பெயர் நீக்கியும் மருத்துவமனைகளிலேயே பதிவு செய்த தமிழ்ப் பேச்சு வேண்டும். அந்தப் பதிவுகளில் இன்னொரு சிக்கலும் தலைகாட்டும். இங்கே நோயாளி தனியாக வருவதில்லை. அம்மாவுக்காக மகள் பதில் சொல்வாள், இடையில் மருமகன் திருத்துவார், ‘எனக்கு சுகர் இருக்கு டாக்டர், அது பரம்பரையா?’ என்று கூட வந்தவர் தன் சந்தேகத்தையும் கேட்டுவைப்பார். எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்கும் முறைகள் இருவர் முறைவைத்துப் பேசும் இடத்தில் நன்றாகவே வேலை செய்கின்றன. மூவர் ஒரே நேரத்தில் பேசும்போது தடுமாறுகின்றன. அங்கே கூட வந்தவரின் சர்க்கரை நோய் அம்மாவின் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால், சொற்கள் அனைத்தும் சரியாக எழுதப்பட்டிருக்கும். சொற்பிழை விகிதம் சுழியம் என்றே காட்டும்.